மூன்று பூச்சு வெள்ளை

அடுப்புக்கு நேர் மேலே கூரையில்
ஒரு கரி வட்டம்.
போன ஜனவரியில் எண்ணெய் தீப்பிடித்தபோது வந்தது.
மூன்று பூச்சு வெள்ளை அடித்தேன்.
புகைக்கறைக்கென்று தனிப் பெயின்ட் உண்டு என்றான் கடைக்காரன்,
விலை இரட்டிப்பு என்றும் சொன்னான்.
குளிர் ஏறும் இரவுகளில்
வட்டம் பழுப்பாக எட்டிப் பார்க்கிறது,
நடுவில் மட்டும் வெளுத்து,
நான் எதைப் பொரிக்கப் போனேனோ
அதன் உருவத்திலேயே.

சோலாஞ்ச் திட்டவில்லை.
கருகிய திரைச்சீலையைச் சுருட்டிப்
பனிக்குள் எறிந்தாள்.
அந்தச் சட்டி மறுநாள் காணாமல் போனது.
கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு.
ஆறு உறைந்து கிடக்கிறது.
அக்கரையில் கனடா, அங்கே மணி ஐந்து;
இக்கரையில் மடவாஸ்கா, எனக்கு இன்னும் நாலுதான்.
பச்சை என்று பொறாமைப்பட
இரண்டு கரையிலும் ஒன்றுமில்லை.

படிக்கட்டில் உப்பு அள்ளித் தூவிவிட்டு வந்து
கை கழுவினேன்.

ராத்திரி மிஞ்சிய உருளைக்கிழங்கு மசியல் ஒரு கிண்ணம்.
கிழங்கு சேராத டோனட்டை
எங்கள் பக்கம் ரொட்டி என்றுதான் சொல்வோம்.
மாவு, மோர், இரண்டு முட்டை.
பட்டைப் பொடி ஒரு கரண்டி.
கிராம்பு நாலை நசுக்கினேன், ஐந்தாவது
தெறித்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது; இருக்கட்டும்.
ஜாதிக்காய் துருவும்போது
விரல் நுனியும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

தேவாலயச் சந்தையில் இரண்டு டாலருக்கு வாங்கிய அச்சு:
ஆறு குழி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மேடு.
ஓட்டையைக்கூட அதுவே போட்டுவிடும்,
எனக்கு வேலை மிச்சம்.

அன்றைக்கு என்ன நடந்ததென்றால்
தம்பி ஜெர்வே போன் செய்தான்,
கிழங்கு மூட்டை விலையைப் பற்றி.
மூன்று நிமிடம் பேசியதாகத்தான் ஞாபகம்.
அதனால் இந்த முறை போனை
லாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஓவனில் சத்தமே இல்லை.
பொரிக்கும்போது எண்ணெயாவது வாயாடும்.
இது ஊமையாக உட்கார்ந்து உப்புகிறது.
கண்ணாடிக் கதவின் முன் முட்டி போட்டேன்,
பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவன் போல,
பன்னிரண்டு நிமிடம்,
கால் மரத்துப் போகும்வரை.

பிறகு பாகு: பொடித்த சர்க்கரை, பால்,
கொஞ்சம் மேப்பிள் சிரப்.
சுடச்சுட முக்கினால் வழிந்துவிடுகிறது.
ஆறவிட்டால் ஒட்டமாட்டேன் என்கிறது.
முதல் இரண்டும் பாழ்.
மூன்றாவதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து முக்கினேன்.
கம்பிவலையில் ஏற்றியதும்
பாகு ஒரு நிமிடம் மினுங்கிவிட்டு
மங்கி இறுகியது,
ஜன்னலில் மூச்சு உறைவது போல.

அப்போதுதான் கதவு.
பூட்ஸோடு, கோட்டோடு, தொப்பியில் பனியோடு
சோலாஞ்ச்,
வேலை முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கையில்.
என்னைப் பார்க்கவில்லை.
கூரையைப் பார்த்தாள்.
பிறகு அடுப்பை.
பிறகு மூக்கை உறிஞ்சினாள், ஒரு முறை, இன்னொரு முறை.
“ஏழு தடவை போன் அடித்தேன், ரேஜான்.
ஏழு.”

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.
தட்டை நீட்டினேன்.
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள்,
நின்றபடியே தின்றாள்.
கை நடுங்கியதில் பாகு நொறுங்கிக்
கோட்டின் முன்புறமெல்லாம் செதில்.
“ஜாதிக்காய் ஜாஸ்தி” என்றாள்.
இரண்டாவதை எடுத்தாள்.

அது பாதி ஆனதும் கேட்டேன்:
“சட்டி எங்கே?”

“வாசலில்.
உன் வெள்ளைப் பெயின்டில் மிச்சம் இருந்தது,
அடித்து, உப்புப் போட்டு வைத்தேன்.
குளிர் தொடங்கியதிலிருந்து நீதானே
தினமும் அதிலிருந்து அள்ளித் தூவுகிறாய்.”

வாயைத் துடைத்துக்கொண்டாள்.
“அதற்கு ஒரு பூச்சே போதுமாக இருந்தது.”