பி பக்கம்

குன்னூர் மேல் பஜாரில்
காயலான் கடை ரபீக் என்னைத்
"தட்டு சார்" என்றுதான் கூப்பிடுவார்.
யாராவது வீடு காலி செய்தால்
பித்தளை அவருக்கு, புத்தகம் எடைக்கு,
ஏழு அங்குலத் தட்டுகள் எனக்கு.
ஒன்று பத்து ரூபாய்.
கீறல் இருந்தால் எட்டு கொடுங்க என்பார்.
கீறல் இல்லாத தட்டை
யாரும் காதலித்ததில்லை என்று சொல்லி
விலையேற்ற எனக்கு விருப்பமில்லை.

தொழில் எல்.ஐ.சி. ஏஜென்ட்.
வெலிங்டன், கேத்தி, அருவங்காடு.
மழைக்கோட்டுக்குள் ரசீதுப் புத்தகம்.
வீட்டுக்குள் விடுவார்கள், அது ஒரு வசதி.
வாயில் அவர்கள் மகளின் மேற்படிப்பு,
கண் அலமாரியின் அடித்தட்டில்.

புகழ் பெற்றவர்களை நான் தேடுவதில்லை.
அவர்களுக்கு ஆள் இருக்கிறது.
எனக்கு வேண்டியவர்கள்
ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டு
மறுபடி லாரி ஓட்டப் போனவர்கள்.
இரவல் கிட்டாரில் மூன்றே மூன்று பிடிகளை வைத்துக்கொண்டு
உலகத்தை மிரட்டிப் பார்த்தவர்கள்,
இரண்டு நிமிடம் பத்து விநாடி.

மெம்பிஸோ எதுவோ,
ஒருத்தி இருக்கிறாள் என்னிடம்.
லேபிளில் பெயரின் முன்பாதியைத்
தேநீர் குடித்துவிட்டது.
மிச்சம் "லெட்டா".
எந்த ராணுவ அதிகாரியின் டிரங்குப் பெட்டியில்,
எந்தச் சட்டைகளுக்கு நடுவில்
இவ்வளவு உயரம் ஏறி வந்தாளோ.
மூன்றாவது வரியில்
தனக்கு எட்டாத இடத்துக்கு எக்கிப் பார்க்கிறாள்.
குரல் விரிகிறது.
பின்னாலிருக்கும் டிரம்பெட்காரன்
அவளைத் தாங்கிப் பிடிக்க
ஒரு அடி சீக்கிரமே நுழைந்துவிடுகிறான்.
இன்னொரு முறை பதிவு செய்யக் காசிருந்திருந்தால்
இதை அழித்திருப்பார்கள்.
அந்தக் காசு இல்லாமல் போனதற்கு நன்றி.

கார்த்திகையில் மூடுபனி உறைக்குள் வரை வரும்.
தட்டில் வெள்ளைப் பூஞ்சை.
பூந்திக்கொட்டை நுரை, மகனின் பழைய பல் பிரஷ்,
வரிகளின் போக்கிலேயே தேய்க்க வேண்டும்,
குறுக்கே போனால் போச்சு.
ஊசி துள்ளாமலிருக்க
அதன் கழுத்தில் ஒரு நாலணாவை ஒட்டியிருக்கிறேன்.
"செல்லாக் காசுக்கும் வேலை போட்டுக் கொடுத்திட்டீங்க,"
சுகந்தி சொன்னாள்.
என்னைத்தான் சொன்னாளோ என்று
இப்போதும் சந்தேகம்.

பெயரே இல்லாத தட்டு ஒன்று.
வெள்ளை லேபிளில் பென்சிலால்
"அருவங்காடு 67".
ஏ பக்கம் ஏதோ பார்த்து எழுதிய பாட்டு, விடுங்கள்.
பி பக்கத்தில் நான்கு பையன்கள்
குவார்ட்டர்ஸ் சமையல்கட்டில் வாசித்தது போல
பாத்திரங்களும் சேர்ந்து அதிர்கின்றன.
ஆர்கன் சுதியில் இல்லை. இருக்க நினைக்கவுமில்லை.
ஒன்று ஐம்பத்திரண்டில்
டிரம் ஒரு அடியை விழுங்கிவிட,
பாடுகிறவன் சிரித்துவிடுகிறான்.
சிரித்தபடியே முடிக்கிறான்.

பதினோரு வருஷம் விசாரித்தேன்,
வெடிமருந்துத் தொழிற்சாலைப் பென்ஷன்காரர்கள்,
சர்ச் கொயர், ஒரு சலூன்.
கடைசியில் மெல்வின் பெரைரா.
உயிரோடிருப்பதற்கான சான்றுப் படிவம் ஒரு கையில்,
பெட்டி பிளேயர் மறு கையில்,
அறுபத்தெட்டுப் படி ஏறிப் போனேன்.

கேட்டார். முகத்தில் ஒன்றுமில்லை.
"எங்க செட்டு இல்ல தம்பி.
நாங்க இவ்ளோ மோசமா வாசிச்சதே கிடையாது."

ஆனால் அவர் செருப்பு
தரையில் தட்டிக்கொண்டே இருந்தது.
ஒன்று ஐம்பத்தொன்றில்,
பிழைக்கு ஒரு விநாடி முன்னால்,
நின்றது.

நான் எதுவும் கேட்கவில்லை.
படிவத்தை நீட்டினேன்.
உயிரோடிருப்பதாகக் கையெழுத்துப் போட்டார்,
பேனாவை மூடினார்,
ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்தார்.

"திரும்ப ஒருதரம் போடு," என்றார்,
"அந்தப் பய யாருன்னு பாப்போம்."