நிகர எடை

உடையாப்பட்டி பைபாஸ் ஓரம்
எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும். தட்டு லேசாய் அதிரும்.
சிவப்பு எண்கள் ஓடி, தயங்கி, நிற்கும்.
மொத்தத்தில் வெற்று வண்டியைக் கழித்தால்
நிகர எடை.
பன்னிரண்டு வருடத்தில்
ஒரு டிரைவரோடும் தகராறு வந்ததில்லை.

வீட்டில் எட்டு கிலோ நானூறு கிராம்.
வயது ஒன்று, மாதம் எட்டு.
பெயர் தன்ஷிகா.

பால் ஆகாது என்றுவிட்டார் அஸ்தம்பட்டி டாக்டர்.
தயிர், மோர், நெய், எதுவுமே.
அன்றிலிருந்து கோகிலா
மளிகைக்கடையில் வக்கீல் மாதிரி நிற்கிறாள்,
பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி,
பொடி எழுத்தில் பால்பவுடர் ஒளிந்திருக்கிறதா என்று.
மாடி வீட்டு அக்காவுக்கு நம்பிக்கையில்லை:
"பால் குடிக்காத புள்ள எப்படிங்க தேறும்?
ஒரு பாலாடை ஊத்திப் பாருங்க, பழகிரும்."
பழகாது.
கல்யாண வீட்டில் யாரோ ஊட்டிய
நகக்கண் அளவு பால்கோவாவுக்கு
மூன்று நாள் மலத்தில் ரத்தக்கோடு.

கொழுப்பு வேண்டுமாம், எதிலாவது கலந்து.
தேங்காய்ப்பாலில் ஜவ்வரிசி வைத்தோம்:
ஒவ்வொரு மணியாய் நாக்கால் தள்ளினாள்.
கடலை அரைத்துத் தடவிய தோசை
நாற்காலிக்கு அடியில்.
ஏற்காட்டு ஜீப்காரரிடம் சொல்லிவைத்து
பட்டர்ஃப்ரூட் வாங்கிவந்தேன்.
பெயரில்தான் வெண்ணெய், பயப்படாதே என்றேன்.
கோகிலா சிரிக்கவில்லை.
அந்தப் பழம் இன்னும்
சமையலறைச் சுவரில் இருக்கிறது.

கோகிலாவுக்குக் காய்ச்சலடித்த வியாழக்கிழமை
குழந்தையை வேலைக்குத் தூக்கிப்போனேன்.
வண்டி வராத நேரம் மேடையில் இறக்கிவிட்டேன்.
அம்பது டன்னுக்கு அசையாத இரும்பில்
தத்தித் தத்தி நடந்தாள்.
திரையில் பூஜ்யம்.
இருபது இருபதாய்த்தான் எண்ணும் அந்த மெஷின்,
தெரியும் எனக்கு.
தெரிந்தும் என்னவோ செய்தது.

நான் மட்டும் ஏறினேன்: அறுபது.
அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்: எண்பது.
அரசு முத்திரை குத்திய மெஷின் சொல்கிறது,
என் மகள் இருபது கிலோ.
சீட்டு அடித்தேன்.
வண்டி எண் இடத்தில் அவள் பெயர்.
சரக்கு என்ற இடத்தில் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அப்போதுதான் ஆத்தூர் லாரி வந்தது,
சேகோ ஆலைக்குக் குச்சிக்கிழங்கு ஏற்றி.
கிளீனர் பையன், இருபது வயதிருக்கும்,
அவித்த கிழங்கைக் காகிதத்தில் பிரித்து
தேங்காய்ப்பூ தூவித் தின்றுகொண்டிருந்தான்.
இவள் போய் எதிரில் உட்கார்ந்தாள்.
வாயைத் திறந்தாள்.

நான் பார்க்கவில்லை.
பார்த்தால் நிறுத்திவிடுவாள்.
அந்த லாரிக்கு ஒரே சீட்டை இரண்டு முறை அடித்தேன்.
அவன் மசித்து மசித்துக் கொடுக்க
ஐந்து வாய்.
ஆறாவதை அவனுக்கே ஊட்டினாள்.

அதற்கப்புறம் வீட்டில் கிழங்குதான்,
தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி ஒளித்து.
தட்டில் வைத்தால் தொடமாட்டாள்.
காகிதத்தில் வைத்து, எதிரில் உட்கார்ந்து,
நாங்கள் தின்ன வேண்டும் முதலில்.
எனக்கு ஒன்றரை கிலோ கூடியிருக்கும்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரித் தராசில்
எட்டு அறுநூற்று ஐம்பது.
கால் கிலோ!
என் மேடையில் அது தூசி.
படியிறங்கும்போது கோகிலா சட்டென்று நின்றாள்:
"கொலுசு கழட்டினாங்களா?"

நாள் முழுக்க வெற்று எடை கழிக்கிறவன்
விட்டுவிட்டேன்.
போன மாதம் கொலுசு இல்லை,
அத்தை போட்டது இது.
படியிலேயே உட்கார்ந்து திருகாணி கழற்றி
உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள்.
"நாப்பது இருக்குமா?"
"இருக்கும்."
அப்படியென்றால் இருநூற்றுப் பத்து.

இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பத்து என்று
பஸ் ஸ்டாப் வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.
கொலுசைக் கேட்டு அழுதபடி
என் தோளில் மற்றவள்,
கொஞ்சம் கனமாக.