தாளின் எடை

மூன்று நாளுக்கு ஒருமுறை
மொட்டைமாடிக் கருவியில் தாள் மாற்றுவேன்.
கிடுக்கியால்தான் தொட வேண்டும்,
விரல்ரேகையின் எண்ணெய்க்கும் எடை உண்டு.

ஆரம்பத்தில் கண்மை அப்பியதுபோல் வரும்.
முதலியார்பேட்டை மில்,
நெல்லித்தோப்பு விறகடுப்புகள்,
கடலூர் ரோட்டில் முக்கி முக்கிப் போகும் லாரிகள்.

அந்த மில்லில்தான் சவேரிநாதன்.
நூற்புப் பிரிவு, இரவு ஷிப்ட்.
மீசையில் பஞ்சோடு வந்து படுப்பான்.
எங்கள் அரிசி வெந்த நெருப்பில் ஒரு சிட்டிகை
என் தாளில் வந்து உட்கார்ந்திருக்கும்.
தராசில் வைத்து
மைக்ரோகிராமில் எழுதிக்கொள்வேன்.

ஒரு மே மாதம் தாள் வெளுத்து வந்தது.
கருவி பழுதென்று
பம்பைக் கழற்றித் துடைத்து மாட்டினோம்.
பம்பில் ஒன்றுமில்லை.
அந்த வாரம் சங்கு ஊதவில்லை.
அதிகாரி லட்டு வாங்கிவரச் சொன்னார், வாங்கிவந்தேன்.
மிஞ்சிய இரண்டை வீட்டுக்குக் கொண்டுபோனபோது
மளிகைக்கடைக் கடன் நோட்டைப்
பின்பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருந்தான்.
என்ன விசேஷம் என்றான்.
நான் சொல்லவில்லை.

வெளுப்பு ரொம்ப நாள் தங்கவில்லை.
எடை கொஞ்சம் கொஞ்சமாய் ஏறி
பழைய இடத்துக்கே வந்து நின்றது,
ஆட்கள்தான் வேறு.
கறுப்பு போய் ஒரு பழுப்பு, ஓரத்தில் மஞ்சள்.
சனிக்கிழமை கர்நாடகா நம்பர் கார்கள்.
கரண்ட் போனால் பார்களின் ஜெனரேட்டர்.
குருமாம்பேட்டைக் குப்பைமேடு தீப்பிடித்த வாரம்
பிளாஸ்டிக் நெடி ஆய்வகம்வரை வந்தது.
சல்பேட் இருக்கிறதே,
எந்தப் புகைபோக்கியிலும் பிறக்காது,
நடுவானில் வாயுக்கள் கூடிப் பெற்ற பிள்ளை,
அப்பன் பேர் கேட்டால் ஊரே கைகாட்டும்.
கடல் உப்பு மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும்
அதே பங்கு,
வாடகை தராத பழைய குடித்தனக்காரன்.

இருபது வருட அறிக்கையில் ஒரு வரி:
‘குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.’
கூட்டுத்தொகைக்கு அது சரிதான்.

மில் கொடுத்த கணக்குப் பணத்தில்
சவேரிநாதன் டீசல் டெம்போ வாங்கினான், மூன்றாம் கை.
பஸ் ஸ்டாண்டிலிருந்து மரப்பாலம்,
மரப்பாலத்திலிருந்து பஸ் ஸ்டாண்ட்.
எங்கள் கட்டடத்துக்குக் கீழே சிக்னல்.
அந்த இருமலை நான் எண்பது வண்டிகளுக்கு நடுவிலும்
கண்டுபிடிப்பேன்.
மாடியில் நிற்கும்போது கேட்டால்
பம்பின் மீட்டர் முள்ளைப் பார்ப்பேன்.
அது அசையாது. அவ்வளவு சின்னவன் அவன்.

இன்றைய தாளை
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துவிட்டு
டப்பியில் மூடினேன்.
தேதி. எடை. காற்று தென்கிழக்கு.
‘குறிப்பு’ என்ற கட்டத்தில்
எப்போதும்போல் ஒரு கோடு.