நெடுங்கண்

காதளவோடிய கண் என்று பாடியவர்கள்
என் கண்ணை அளந்து பார்த்ததில்லை.
அது காதுப் பக்கம் ஓடவில்லை.
பின்னால், மண்டைக்குள் ஓடியிருக்கிறது.
முப்பது புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
பீல் நகரத்துக் கண் மருத்துவர் ஏபிஷர்
திரையைத் திருப்பிக் காட்டினார்:
"மிக நீளம், திருமதி தவமலர்."
வாழ்நாளில் ஒருவர் என்னை
நெடுங்கண்ணி என்றது அன்றுதான்.

புரை விழுந்த வில்லையை எடுப்பது
கால்மணி நேர வேலை. பயம் அதில் இல்லை.
நீண்ட கண்ணுக்குள் விழித்திரை
இழுத்துக் கட்டிய ஈரத்துணி மாதிரி
ஓரங்களில் மெலிந்து கிடக்கிறதாம்.
கிழியலாம். நாளைக்கே அல்ல,
இரண்டு வருடம் கழித்து
ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ்ஸில்.

"நூற்றில் எத்தனை பேருக்கு?"
அவர் சொன்ன எண் சின்னது.
அந்த எண்ணுக்குள் அகப்பட்ட ஆளுக்கு
அது நூற்றுக்கு நூறு என்பதை
ஜெர்மனில் சொல்ல வாய் வரவில்லை.
கையெழுத்துப் போட்டேன்.

பிறகுதான் அந்தக் கேள்வி:
"எது வேண்டும், தூரமா, கிட்டவா?"

வீட்டில் இவர் சொன்னார்:
தூரம் கேள், கண்ணாடி இல்லாமலே மலை பார்க்கலாம்.
மலை, காப்புறுதிக் கம்பனிக் கலண்டரில்
பன்னிரண்டு மாதமும் தொங்குகிறது.
எனக்கு,
கண்ணாடியைக் கழற்றி மூக்கருகே பிடித்தால்
மகன் விரலில் ஏறிய சிராய் தெரியவேண்டும்.
மருந்துத் தாளின் எறும்பெழுத்து,
மீன் முள்,
பக்கத்தில் தூங்குகிறவரின்
இமைமயிரில் ஒரேயொரு நரை.
"கிட்ட" என்றேன். "மைனஸ் மூன்றில் விடுங்கள்."

ஜூன் மாதம் வலக்கண் முடிந்தது.
வெள்ளை இவ்வளவு வெள்ளையா!
அலுமாரிக் கதவில் இத்தனை நாள் பிசுக்கா!
இடக்கண் இன்னும் பழைய மைனஸ் பதினாறு.
இரண்டும் ஒத்துப்போவதில்லை.
ஒரு படி இரண்டாகத் தெரிகிறது,
நான் நடுவில் காலை வைக்கிறேன்.

அவர்கள் தந்த தாளில்
நான் பாடமாக்கியது ஒரு வரி:
மின்னல், கரும்புழுதி, திரை இறங்குவதுபோல் நிழல்,
எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதே.

நாட்டின் பிறந்தநாளுக்கு முதல்நாள் இரவு.
ஏரிக்கரையில் வாணவேடிக்கை.
எல்லோரும் அண்ணாந்து ஓவென்கிறார்கள்.
வலது ஓரத்தில் ஒரு கீற்று.
கண்ணை இறுக்க மூடுகிறேன்.
இருட்டு.
இருட்டாகவே இருக்கிறது.
இருபது வரை எண்ணுகிறேன்.

"அம்மா, நல்லதெல்லாம் பாக்காமல் விட்டிட்டியள்"
என்கிறான் மகன்.
அடுத்தது வெடிக்கிறது.
மறுபடியும் மூடுகிறேன்.