ஒன்றே முக்கால் கிராம்

போனஸில் எட்டாயிரம் என் பங்கு.
மீதி முழுதும் பஞ்சவர்ணத்தின் சீட்டுக்கு,
அதில் பேச்சில்லை.

சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் பழைய பிளேயர்
இசைத்தட்டை உழுதுகொண்டிருந்தது.
ஒரு பக்கம் ஓடி முடிந்தால்
ஊசிமுனையில் கறுப்பாய்த் தூள்.
"பாட்டச் சொரண்டித் திங்கிது ஒங்க மெசினு"
என்பாள்.
மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

கோயம்புத்தூரில் யாரோ விற்ற டர்ன்டேபிள்
ஆம்னி பஸ் டிக்கியில் படுத்தபடி
புதுவயல் வந்தது. நாலாயிரத்து இருநூறு,
கூலி நூறு.
பெல்ட் தொய்ந்திருந்தது, அதற்கு முந்நூறு.
புது ஊசி ஆயிரத்து எண்ணூறு.
பிரீஆம்ப் வெறும் போர்டாக மதுரையில் எழுநூற்றைம்பது;
சோன்பப்டி டப்பாவில் ஓட்டை போட்டுக்
குடிவைத்தேன்.
ஆம்ப், மைக்செட் அருளானந்து கைகழுவியது.
ஸ்பீக்கர் இரண்டும்
கண்டனூர் மினிபஸ்ஸைப் பிரித்தபோது
ஒரு குவார்ட்டருக்கு வந்தவை.
(குவார்ட்டரைக் கணக்கில் எழுதவில்லை.)

ஊசி தட்டின்மேல் ஒன்றே முக்கால் கிராம் கனக்க வேண்டும்.
கூடினால் தேயும், குறைந்தால் தாவும்.
காரைக்குடியில் அவள் தோட்டுக்குத் திருகாணி போட்டுத்தந்த
முத்துக்கருப்ப ஆசாரி
தீப்பெட்டி அளவுத் தராசை
ஒரு ஞாயிறு மட்டும் இரவல் தந்தார்.
"எத நிறுக்கப் போற?"
"பாட்ட."
"அதுக்குச் சேதாரம் உண்டா?"

பஞ்சவர்ணம் செல்போன் வெளிச்சம் அடித்து
எண்களைப் படித்தாள்.
ரெண்டு புள்ளி மூணு.
மயிரிழை திருப்பினேன்.
ரெண்டு.
ஒண்ணு புள்ளி நாலு, ஐயோ, எறங்கிருச்சு.
மூச்சு விடாதே என்றேன்.
ஒங்க மூச்சுதான் என்றாள்.
ஒண்ணு, ஏழு, அஞ்சு.
பிரசவ வார்டு வாசலில் எடை கேட்டு நின்றபோதும்
இப்படித்தான் வியர்த்தது எனக்கு.

வீடு அரிசி ஆலைக்குப் பின்சுவர்.
ஒன்பது மணிவரை தரை அதிரும், ஊசி துள்ளும்.
கடப்பாக்கல் துண்டொன்றை அடியில் வைத்தேன்,
கல்லுக்கு அடியில் நாலு ரப்பர் பந்து,
பந்து உருளாமலிருக்க
அவளுடைய பழைய பிளாஸ்டிக் வளையல் நாலு.
துள்ளல் நின்றது.

ஆனால் ஓர் உறுமல்.
தட்டு சுற்றாதபோதும் உர்ர்ரென்று
டப்பாவுக்குள் வண்டு.
போர்டை மாற்றிப் பார்த்தேன், பிளக்கைத் திருப்பிப் பார்த்தேன்,
அருளானந்தைத் திட்டினேன்.
தூசி துடைக்க வந்தவள் கை
ஊசித்தண்டின் இரும்பில் பட்டது.
அடங்கியது.
எடுத்தாள், உறுமியது.
தொட்டாள், அடங்கியது.
"ஒங்களாட்டமே இருக்கு."

நான் மின்வாரியத்தில் லைன்மேன்.
இருபத்தாறு டிரான்ஸ்ஃபார்மருக்குக் குழி வெட்டி
உப்பும் கரியும் கொட்டியவன்.
எர்த் இல்லாமல் மோட்டார் போடாதே என்று
ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன்.
பச்சை வயர் சுருள்
என் பையிலேயே கிடந்தது. செலவு சுழி.

ஒன்பதுக்கு ஆலை நின்றது.
முனீஸ்வரன் கோயில் தெருவில்
பித்தளை அண்டாக்களுக்கு நடுவே
இருபது ரூபாய்க்கு எடுத்த சின்னத் தட்டு,
பினாங்கு லேபிள், மலாய்ப் பாட்டு.
பலமுறை கேட்டதுதான்.
இன்று
பாட்டுக்கு முன்னே ஓர் ஆண்குரல் ஏதோ சொல்கிறது,
நாற்காலி நகர்கிறது,
ஒரு பெண் சிரிப்பை அடக்குகிறாள்.
பிறகுதான் வயலின்.

ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தேன்.
மறுபடி.
"சிரிப்பில்ல, விக்கல்" என்றாள்.
சிரிப்பு என்றேன்.
"நல்லாக் கேளுங்க."
கேட்டோம். கையில் மிச்சம் எழுநூறு
சீட்டுக்கா தூரிகைக்கா என்ற பேச்சு
பாதியில் நின்றுபோனது.
அன்றிரவு பாட்டுவரை நாங்கள் போகவேயில்லை.

விளக்கை அணைத்தபின்
இருட்டில் கேட்டாள்:
"பாடுறதுக்கு முன்னாடி
யாராச்சும் அவளுக்குத் தண்ணி குடுத்துருப்பாங்களா?"