மீட்டர் வாசிக்கிறவனின் தலை

தலை போகிற காரியம் ஒன்றுமில்லை,
மயிர் போகிற காரியம்தான்
என்று சொல்லிக்கொண்டு
ஒரு ஞாயிறு காலை
மிச்சத்தையும் நானே வழித்தேன்.
கண்ணாடிக்குள் நின்றவர்
கொஞ்சம் என் தாய்மாமன் மாதிரி,
கொஞ்சம் கழுவி வைத்த பானை மாதிரி.

திங்கள், கொக்குவில் கிழக்கு.
நூற்றிப் பன்னிரண்டு வீட்டு மீட்டர்.
படலைக்குப் படலை
வெய்யில் என்னை வாசித்தது.
பின்னேரம் பில்லை நீட்டியது,
தொட்டால் எரியும் சிவப்பில்.

இரவு ரஞ்சிதமலர்
வேலியோரக் கற்றாழையில் ஒரு மடல் வெட்டி
மஞ்சள் பால் வடியட்டும் என்று
கோப்பைக்குள் நிமிர்த்தி வைத்தாள்.
பிறகு அந்தக் குளிர்ந்த கூழ்.
"இவ்வளவு காலமும் இதை எங்கை வைச்சிருந்தனீங்கள்?"
என்றாள்,
வாடகைக்கு வந்த வீட்டைச் சுற்றிப் பார்க்கிறவள் போல.

எங்களுடையது சுண்ணாம்புக் கிணறு.
கேத்தில் அடியில் படிவது
தலையிலும் படியும்.
ஆகவே மெல்லிய சவர்க்காரம், கொஞ்சம்.
நன்றாய்க் கழுவு.
துவாயால் ஒற்று, தேய்க்காதே,
அது மேசையில்லை.
ஈரம் முழுதும் காய முன்னர்
கடலையளவு கிறீம்.

பிளேட் மழுங்கினால் எறி.
மயிர் சாய்கிற பக்கம் வழி;
எதிர்த்துப் போன அன்று
பிடரி முழுக்கப் பரு.
சவரம் முடிந்து வாசனைத் தண்ணி அடித்தேன் ஒருமுறை.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது
என் சத்தத்துக்கு.

எண்ணெய் பூசி வெய்யிலில் போன நாளை
நான் கதைக்க விரும்பவில்லை.
வடை தெரியும்தானே?

ஆஸ்பத்திரி வீதிப் பாமசியில்
வெய்யில் கிறீமின் விலை கேட்டு
இரண்டு தரம் திரும்பி வந்தேன்.
மூன்றாம் தரம் வாங்கினேன்.
உச்சி, காதுமடல், பிடரி.
வேர்த்தால் திரும்பவும்.
பிரம்படி ஒழுங்கையில் ஒரு பொடியன்:
"அங்கிள், திருநீறு இடம் மாறிப் பூசியிருக்கிறியள்."

அப்படிப் பூசும்போதுதான்
விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது,
இடது காதுக்குப் பின்னால்,
நகம் வெட்டிப் போட்டது போன்ற வளைவு.
முப்பத்தாறு வருசம் மயிருக்குள் ஒளித்திருந்தது.

மீட்டரை அண்ணாந்து பார்த்தால்
பின்னால் நிற்பவர்களுக்கு அதுதான் தெரியும்.
"ஷெல்லோ?"
"இல்லை அம்மா, ஊஞ்சல் பலகை. ஏழு வயசில."
அவர் நம்பவில்லை.
அடுத்த படலையிலும் அதே கேள்வி.
சில நாள் களைப்பில்
ஓம் என்று சொல்லிவிடலாம் போலிருக்கும்.
சொன்னதில்லை.

தையற்கடைச் சீவரத்தினமும் கேட்டார்.
ஊஞ்சல் என்றேன்.
சிரித்தார்.
அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுவிட்டு
சாரத்தை முழங்கால்வரை தூக்கினார்.
"இது ஷெல்."
உள்ளங்கையளவு, மினுமினுப்பாய்,
மயிர் முளைக்காத இடம்.
"வெய்யில் பட்டால்
முதல்ல எரியிறது இதுதான் தம்பி."

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.
பையிலிருந்த டியூபை எடுத்து
அவர் விரலில் கொஞ்சம் பிதுக்கினேன்.
மணந்து பார்த்தார்.
குனிந்து, மெதுவாக,
துணியில் சுருக்கம் எடுப்பது போல
தடவினார்.

மீட்டர் அறுபத்தொரு அலகு காட்டியது.
எழுதினேன்.