ஏடு

சுங்கை பெலிம்பிங் தோட்டத்தில்
பதினேழாம் நெம்பர் செம்பனையை வெட்டிவிட்டு
எழுப்பிய ஆலை.
நான் குமுதவேணி. இரண்டாம் ஷிப்ட்.
அட்டையில் ஆப்பரேட்டர், நிலை இரண்டு.

இரண்டு உலோகங்களைப் பிரிக்கிறோம்.
ஒட்டிப் பிறந்தவை.
அமிலத்தில் ஒன்று பச்சை, ஒன்று வெளிர் ஊதா.
நாற்பத்தெட்டுத் தொட்டி தாண்டும்வரை
எது எதென்று அவற்றுக்கே தெரியாது.

பிரிக்கும் வித்தை இரவல்.
கடல் தாண்டிய கம்பெனி ஒன்று
கிலோவுக்கு இத்தனை என்று உரிமம் தந்தது.
துடுப்பு நிமிடத்துக்கு 220 சுற்று.
கூட்டாதே, குறைக்காதே.
குளிர்நாட்டில் உட்கார்ந்து எழுதிய எண்.

எங்கள் ஊரில் நாலு மணிக்கு மழை.
தகரம் குளிரும். எண்ணெய்க்கும் நீருக்கும் நடுவில்
ஆறிய பாலில் கட்டுவதுபோல்
சாம்பல் நிறத்தில் கட்டும்.
கட்டினால் பச்சையில் ஊதா கலந்து
அன்றைய சரக்கு போச்சு.

துடுப்பை 180-க்கு இறக்கினேன்.
கேண்டீன் அகப்பையால் வழித்து எறிந்தேன்.
அவசரத்தில் தமிழில் எழுதிவைத்தேன்:
"மழை. ஆறாம் தொட்டியில் ஏடு. எடுத்து எறிந்தாச்சு. 180."
இப்படி நானூறு மழை.

பிறகு வழக்கு.
பணம் குறைகிறது என்று அவர்கள்,
தந்த வித்தையே அரைகுறை என்று இவர்கள்.
கோலாலம்பூரில் இருபத்தோராவது மாடி,
மூன்று நடுவர்கள், ஐஸ்பெட்டிக் குளிர்.
அண்ணியின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.
மூக்குத்தி மட்டும் என்னுடையது.

என் எழுத்தை யாரோ ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார்கள்:
"ஆறாம் தொட்டியில் பக்கம். எடுத்து எறியப்பட்டது."

நானூறு முறை ஆவணம் அழித்தவள் நான்.
எதிர்த்தரப்பு வக்கீல் மார்கிரெட் தியோ
மிக மரியாதையாகக் கேட்டார்:
அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது?

பாலைக் காய்ச்சி ஆறவைத்தால், என்று தொடங்கினேன்.
கையால் வழித்தும் காட்டினேன்.
நடுவரில் ஒருவர் சிரித்துவிட்டார்.
'பக்கம்' அடிக்கப்பட்டு 'ஆடை' ஆனது.
தப்பித்தேன் என்று தண்ணீர் குடித்தேன்.

மார்கிரெட் அடுத்த தாளைப் புரட்டினார்.
அப்படியானால் வேகத்தைக் குறைத்தது நீங்கள்.
பலனும் கிடைத்தது.
ஒப்பந்தம், பிரிவு ஒன்பது:
உரிமம் பெற்றவர் செய்யும் எந்த மேம்பாடும்
செய்த கணமே உரிமம் தந்தவருக்குச் சொந்தம்.

பக்கம் என்றால் குற்றவாளி.
பாலாடை என்றால் கண்டுபிடிப்பாளி,
கண்டுபிடிப்பு மட்டும் எனக்கில்லை.
எங்கள் வக்கீல் ஜுல்கர்னாயின் காதோரம் குனிந்து
முதலாவதே தேவலாம் போல, என்றார்.

அது எங்களுடையது என்று அவர்கள்
ஒரு நாள் முழுக்க வாதாடினார்கள்.
அது எங்களுடையது என்று இவர்கள்
மறுநாள் மதியம் வரை.
அது அந்த அம்மாவுடையது என்று சொல்ல
அந்த மாடியில் யாருக்கும் சம்பளம் இல்லை.

ஏழாம் மாதம் சமரசம்.
எட்டாம் மாதம் புதுக் கையேடு வந்தது,
வழவழப்பான தாள், அமிலம் பட்டாலும் அழியாது.
பக்கம் 61: மழை நேரத்தில் வேகம் 180.
அடியில் உரிமை பெற்றவர் பெயர்.
கிலோவுக்கு மூன்று ரிங்கிட் கூடுதல்.
மூன்று ரிங்கிட்டுக்குக் கேண்டீனில்
ஒரு பொட்டலம் மீஹூன் வரும், முட்டை இல்லாமல்.

இது பதினொன்றாம் மாதம்.
இரண்டு வாரமாக வெயிலே இல்லை.
180-லும் கட்டுகிறது.
ஷிப்ட் சூப்பர்வைசர் கையேட்டைப் புரட்டிக்கொண்டே
என்னைப் பார்க்காமல் பார்க்கிறார்.

நான் சக்கரத்தைத் திருகுகிறேன்.
இன்னும் கொஞ்சம். ஆங், அங்கே.
தொட்டி தெளிகிறது. பச்சை பச்சையாக, ஊதா ஊதாவாக.
முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று
என் கண்ணுக்குத் தெரியும்.

அகப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப்
புத்தகத்தைத் திறந்து எழுதினேன்:

மழை.